டெண்டரில் ரத்த ரேகை

14 ஜூன் 2006, புதன். ஓசூர்.

நான் வரைந்த தொழிற்சாலை ஷெட்டுக்கு இன்று என் ஆபீசில் டெண்டர் பெட்டி வைத்தேன். வேலையை வெங்கடப்பா எடுப்பதென்று கான்ட்ராக்டர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். முருகேசன் மட்டும் அதற்குக் கட்டுப்படாமல் வந்து, என் மேசையிலேயே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த, பலம் சோதிக்க வார்த்த கான்கிரீட் க்யூபைத் தூக்கி வெங்கடப்பா அவன் வலது கை விரல்கள் மேல் போட்டான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது.

அலறி ஓய்ந்த முருகேசன் இடது பெருவிரலை அந்த ரத்தத்தில் தோய்த்து, மிச்சப் பக்கங்களில் அழுத்தினான். "ரேகை செல்லுமில்ல சார்?"

"செல்லும்" என்றேன். டெண்டர்களைப் பிரித்தபோது அவன் ரேட்தான் குறைவு; வேலை அவனுக்கே.

வெங்கடப்பா போகும்போது மெதுவாகக் கேட்டான்: "சார், நீங்க எந்தக் கையில படம் போடுவீங்க?"

இந்த வரியை இடது கையால் எழுதிப் பார்க்கிறேன். எனக்கே படிக்க வரவில்லை.