கடற்பஞ்சுச் சாம்பல் வேண்டி எழுதிய மூன்றாம் ஓலை

மழை தவறாத வேங்கைமலை நாட்டில், மன்னர் பெருநற்கோவின் ஆணை செல்லும் இடமெல்லாம் நோயும் பகையும் ஒழிக. அம்மன்னரின் மருத்துவ அவைக்குத் தலைவரும், நாடி பார்ப்பதில் நிகரற்றவருமான ஆதன் வெண்ணியார் திருமுன், சங்குத்துறைக் காவலனும், முன்பு அரசாணைகளை எழுதும் ஓலைநாயகமாக இருந்தவனுமான விடங்கன் மாறன் விடுக்கும் ஓலை. உம் அவையும், அவை வாசலில் காத்திருக்கும் நோயாளரும் நலந்தானே?

யாம் நலமில்லை. முன்னிரண்டு ஓலைகளிலும் அதைப் பணிவாகச் சொன்னோம். இம்முறை பணிவுக்கும் தெம்பில்லை.

எம் மனைவி நக்கண்ணையின் கழுத்துக் கழலை உள்நோக்கி வளர்ந்ததால், அவள் சோறு இறங்காமல், கஞ்சித் தெளிவை மட்டும் விழுங்கிக் கிடக்கிறாள். அவை சொன்ன பற்றும் பூச்சும் செய்தாயிற்று. உப்பூர் மருத்துவச்சி கொற்றி, கடற்பஞ்சைச் சுட்ட சாம்பலைத் தேனில் குழைத்துக் கொடுத்து இதே கழலையைக் கரைத்திருக்கிறாள். அப்பஞ்சு எம் துறைப் பண்டகசாலையிலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அரண்மனைக் குதிரைகளைத் தேய்க்க அக்கதவு திறக்கும். நோயுற்றால் மருந்து கிடைக்குமென்று அறுவடைதோறும் நோய்காப்பு நெல் அளந்த குடிகளுக்கு மருந்தாக்கவோ உம் அவையின் ஒப்புதல் வேண்டும். நீர் இது இன்னும் சோதனையில் உள்ள மருந்து என்று எழுதி, மறுத்த ஓலைக்குரிய வழக்கப்படி வலமுனையை நறுக்கி, இருமுறையும் திருப்பி அனுப்பினீர்.

மூவர் பிணி நீங்கி, மூன்று கார்காலம் கடந்து, அவைமுன் தம் காலால் வந்து நின்றாலன்றி எதுவும் மருந்தாகாது என்பது விதி. ஓடக்காரன் ஒருவனும் நெசவுக்காரி ஒருத்தியும் வந்து நின்றனர். மூன்றாமவனோ கழலை முற்றும் கரைந்து நலமாய்த் திரிந்தபோது, கடைசிக் கார்காலத்துக்குச் சற்று முன் பாம்பு கடித்து இறந்தான். அவனைப் பிணி தீராது மாண்டவன் என்று எழுதிவிட்டீர். பாம்புக்கும் கழலைக்கும் என்ன உறவோ, எமக்கு விளங்கவில்லை.

கோபிக்கவும் முடியவில்லை, வெண்ணியாரே. அந்த விதியை எழுதியவர் யாமே. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், போலி வைத்தியன் ஒருவனின் குளிகையால் பாசறையில் பதினொரு வீரர் மாண்ட பின், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதினோம். முனை நறுக்கும் வழக்கமும் எம்முடையதே. தாம் எழுதிய விதிக்குத் தம் வீட்டாரே அடங்காவிட்டால் ஊரார் எப்படி அடங்குவர் என்று, குரல் எழாத தொண்டையால் நக்கண்ணை எம்மைக் கேலி செய்து சிரித்தாள். எமக்கு அழுகை வந்தது. விதி நல்லதுதான். காத்திருப்பவரும் சாவார் என்பதை அதில் எழுத மறந்தோம்.

ஆகவே இன்று காலை, எம் முத்திரையாலேயே பண்டகசாலையைத் திறக்க ஆணையிட்டோம். இவ்வோலை உம்மை அடையும்போது அவள் ஏழு வேளை மருந்து உண்டிருப்பாள். இப்படிச் செய்யும் காவலன் பதவி இழப்பான் என்பதும் யாம் எழுதியதே. பதவிக்குரிய முத்திரைக் கணையாழியை இத்துடன் அனுப்பினோம். கொற்றிமேல் குற்றமில்லை. அவள் மறுத்தாள், யாமே வற்புறுத்தினோம்.

துறையில் இதே கழலையோடு இன்னும் இருபது பேர் இருக்கின்றனர். அவர்களிடம் கணையாழி இல்லை. பாம்பு கடித்தவனை மூன்றாமவனாக எண்ணி, அவர்களுக்கு அக்கதவைத் திறந்துவிடுக. நக்கண்ணை பிழைத்தால் யாமே அவளை அவைக்கு நடத்தி வருவோம். மாண்டால் அதையும் மறையாது எழுதுக. மருந்தால் என்றால் மருந்தால் என்றும், தாமதத்தால் என்றால் தாமதத்தால் என்றும் எழுதுக.

இவை விடங்கன் மாறன் எழுத்து. கீழே பதித்தது இம்முத்திரையின் கடைசிப் பதிப்பு. ஓலையின் வலமுனையை யாமே நறுக்கிவிட்டோம். உமக்கு அந்த வேலை வேண்டாம்.