சங்கு என்றால் என்னவென்று நான் சொல்லவில்லை

என் அன்பான சேவியர் அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு செய்தி. உன் விண்ணப்பத்தைத் தள்ளிய அதே பிளாக்செயின் குழு, தன் சமூக நிதியுதவித் திட்டத்தைச் சீர்திருத்துகிறதாம். அந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பு வருகிறதா?

காலையில் கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போவாய், மத்தியானம் லேப்டாப்போடு உட்காருவாய். காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு அளவுக்கு மேல் அடியில் கிடந்தால் உயிர் போய்விடும். எந்தக் குளியாளி எத்தனை மணிக்குக் கடலில் இறங்கினான், எப்போது ஏறினான் என்பதைப் படகிலிருந்தே பதிந்துவிட வேண்டும். பிறகு அதை முதலாளி உட்பட யாரும் மாற்ற முடியக் கூடாது. அதற்குத்தான் உனக்கு பிளாக்செயின், ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத அந்தக் கணினிப் பேரேடு. காசு பண்ண மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர்கள் நடுவில், அதற்கு ஓர் உருப்படியான வேலை கண்டுபிடித்தவன் நீ.

விண்ணப்பங்களை மதிப்பிடும் ஐந்து பேரில் நானும் ஒருத்தி. சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் வாக்களிக்கக் கூடாது என்பது விதி. கூட்டத்துக்கு முந்தின நாள் பீச் ரோட்டில் வைத்து நீ சொன்னாய்: "ஏளா, நீ ஓட்டுப் போடாண்டாம். சங்குன்னா என்னன்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லிரு."

"நான் வாயத் தொறந்தா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்கண்ணே" என்றேன்.

ஆன்லைன் கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற நால்வரும் வெளிநாட்டுக்காரர்கள். ஏதோ அலங்காரச் சங்குக் கடை என்று நினைத்துக்கொண்டார்கள். முப்பது பேருக்காக ஒரு ஆப்பா என்று ஒருவர் கேட்டார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. வாக்களிக்கக் கூடாது என்றுதான் விதி. பேசக் கூடாது என்று எங்கே இருந்தது? நேர்மையானவள் என்ற பேருக்கு ஆசைப்பட்டேன், அண்ணே.

உதவி கிடைத்தால் குளிக்கப் போவதை நிறுத்திவிடுவேன் என்றிருந்தாய். கிடைக்கவில்லை, போனாய். அடுத்த மாதமே உன்னைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். "பத்து நிமிசந்தான் உள்ள இருந்தான், நெஞ்சு வலி" என்கிறார் படகு முதலாளி. இல்லை என்று சொல்ல எங்களிடம் ஒரு வரிப் பதிவு கிடையாது. மதினி இன்னும் கேட்கிறாள்: "எவ்ளோ நேரம்ளா உள்ள கெடந்தாவ?"

சீர்திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்தக்காரர் வாக்களிக்க வேண்டாம். ஆனால் தனக்குத் தெரிந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லியே ஆக வேண்டும். விண்ணப்பித்தவரைத் தன் மொழியில் பேசவிடாமல் எதையும் தள்ளக் கூடாது. அருமை என்றார்கள். திட்டத்துக்கு உன் பெயரை வைக்கலாமா, சிரித்த முகமாக ஒரு போட்டோ கிடைக்குமா என்றும் கேட்டார்கள். உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றுவிட்டேன்.

அதற்குப் பதில் உன் பழைய விண்ணப்பத்தையே, ஓர் எழுத்தும் மாற்றாமல், குளியாளிகள் முப்பது பேர் பெயரில் திரும்பப் போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை கூட்டம். மதினியும் என் பக்கத்தில் இருப்பாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த முறை மைக்கை அணைக்க மாட்டேன். இதை எழுதியவன் என் அண்ணன் என்று சொல்லித்தான் தொடங்குவேன். சங்கு என்றால் என்ன, அதை எடுக்க ஒரு மனிதன் எங்கே இறங்குகிறான் என்று சொல்வேன். ஓட்டுப் போட மாட்டேன். நீ கேட்டது அவ்வளவுதானே.

அன்று வாய் திறக்காத உன் தங்கச்சி,
ஸ்டெல்லா