அணையில் நின்ற மண்வெட்டி

ஹோல்சீல், 1764 மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தக் கடலோரச் சீமையில் அரசுச் சபை ஆலோசகராக வந்து உட்கார்ந்தாயிற்று. காற்றுதான் என் பொய்முடியை விட்டுவைப்பதில்லை.

நேற்று கடலணையைச் சோதிக்கப் போனேன். அணைமேல் ஒரு மண்வெட்டி குத்திட்டு நின்றது. சோதனை நாளில் இப்படியா போட்டுவைப்பது என்று உருவி, பக்கத்தில் நின்ற டால்கெ என்ற விதவையிடம் நீட்டினேன். அவள் அழுதுவிட்டாள். அணைத் தலைவர் ஓனோ தொப்பியைக் கழற்றினார்.

"உருவிட்டீங்களே ஐயா! இனி இந்தத் துண்டு அணை உங்களோடது. பின்னால இருக்கிற நிலமும்தான்."

தன் பங்கு அணையைக் கட்டிக்காக்க முடியாதவர் மண்வெட்டியைச் செருகிவிட்டு நிலத்தை விட்டே போக வேண்டுமாம். உருவுகிறவர் தலையில் எல்லாம் விழுமாம். டால்கெ மூட்டைகூடக் கட்டியிருந்தாள்.

"ஐயாவே எடுத்துக்கிட்டீங்க. நான் இங்கயே குடியிருந்துக்கலாமா?" என்றாள். தலையாட்டி வைத்தேன். சிரிக்காதே.

உன் தம்பி,
டீட்லோஃப்

ரெட்விட்ஸ், மே 20

அன்புத் தம்பிக்கு,

சிரித்தேன், பிறகு உடனே பேனாவை எடுத்தேன். நீ மண் சுமக்கவா சட்டம் படித்தாய்? மேல்மாவட்டச் சபைத் தலைவர் படுத்த படுக்கையாம். அந்த நாற்காலி உனக்குத்தான். குடியானவர் வழக்கம் அரசு அதிகாரியைக் கட்டாது என்று உடனே ஓர் ஆணை போட்டுக் கையைக் கழுவு. வாத்துக் கொழுப்பு ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன், சாப்பிடு.

அக்கா,
ஊல்ரிகே

ஹோல்சீல், நவம்பர் 25

அக்கா,

நீ சொன்னபடியே ஆணை போட்டேன். அதன்பின் அந்தத் துண்டு யாருடையதும் இல்லை. ஒரு கூடை மண் விழவில்லை. இந்த மாதம் மார்ட்டின் திருநாளன்று அடித்த புயலில் அணை சரியாக அங்கேதான் உடைந்தது. டால்கெயும் அவள் பெண்பிள்ளைகளும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். முன்பே மேட்டுக்கு வரச்சொல்லி அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்களாம். "ஐயா தலையாட்டினாரே, கட்டிக்குடுப்பாரு" என்று இருந்துவிட்டாளாம்.

அந்த மண்வெட்டி தினமும் காலையில் என் வாசலில் சாய்ந்து நிற்கிறது, தண்ணீர் சொட்டச் சொட்ட. பூட்டி வைத்தேன். எரித்தும் பார்த்தேன். மறுநாளும் நின்றது. பயமாக இருக்கிறது, அக்கா. மேல்மாவட்டச் சபைத் தலைவர் பதவிக்கான உத்தரவும் வந்திருக்கிறது.

டீட்லோஃப்

ரெட்விட்ஸ், டிசம்பர் 8

தம்பி,

எவனோ உன்னை மிரட்டிப் பார்க்கிறான். புயலை நீயா வரவழைத்தாய்? பதவியை ஏற்றுக்கொண்டு வண்டியேறு. கிறிஸ்துமஸுக்கு உன் அறையில் கணப்பு மூட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஊல்ரிகே

ஹோல்சீல், 1765 மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பதவியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், அந்த ஆணையையும் ரத்து செய்துவிட்டேன். நீ கொதிப்பாய், தெரியும். இன்று என் துண்டில் மண் சுமந்தேன். "பொய்முடியைக் கழட்டிட்டு வாங்க ஐயா, சேத்துல விழுந்தா நாய் கவ்விக்கிட்டுப் போயிரும்" என்றார் ஓனோ. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு டால்கெ வீடு இருந்த பக்கம் பார்த்து அழுதேன்.

மண்வெட்டி இப்போதெல்லாம் என் வாசலுக்கு வருவதில்லை.

உன் தம்பி,
டீட்லோஃப்

ரெட்விட்ஸ், ஏப்ரல் 2

தம்பி,

உன் கடிதத்தைக் கிழித்தெறிந்தேன். இனி என் முகத்தில் விழிக்காதே என்று எழுதவும் தொடங்கினேன்.

இன்று காலை கதவைத் திறந்தால், வாசலில் ஒரு மண்வெட்டி. சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. இங்கே ஏதடா கடல்?

"தொடாதீங்கம்மா!" என்று வேலைக்காரி அலறினாள். ஆணை போடச் சொன்னது நான்தானே.

எடுத்துவிட்டேன். வண்டி பூட்டச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எந்தத் துண்டு என்று ஓனோவிடம் கேட்டு வை.

அக்கா