எழுதச் சொன்னது நான்தான்

போட்டோகொப்பி மெஷினிலிருந்து வரும் தாள் சூடாக இருக்கும். இன்று காலை அப்படி ஒரு தாளை எடுத்ததும் என் கை நின்றுவிட்டது. உயர்தர வகுப்பில் சேர்வதற்கான விண்ணப்பம். ‘விரும்பும் பிரிவு’ என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

ஹற்றனில் நான் வேலை செய்யும் கடை இது. தாளைக் கொண்டுவந்த பிள்ளை சொன்னாள்: “அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே ஏதாவது ஒண்ணப் போட்டுருங்க.”

இதையேதான் பள்ளிக்கூடக் காலத்தில் நான் உன்னிடம் சொன்னேன்.

வட்டகொடை ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அன்றுதான் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். நீ கலை என்று எப்போதோ எழுதிவிட்டாய். நான் ஒரு வாரமாகக் கலையா வர்த்தகமா என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் கூசி, தாளை மடித்து மடித்தே கசக்கியிருந்தேன்.

“எதையாவது எழுதுடி. அந்தக் கட்டம் பாவம், பட்டினி கெடக்கு,” என்று சிரித்தாய். “நீயே ஏதாவது ஒண்ணப் போட்டுரு” என்று நான் பேனாவை உன் கையில் திணித்தேன்.

“வர்த்தகம் போடவா? கணக்குல நீ கெட்டிக்காரிதானே. ஆனா நாளைக்கு என்னையத் திட்டக்கூடாது.”

“சத்தியமா திட்ட மாட்டேன்டி.”

ரயில் வரும் சத்தத்தில் அவசரமாக எழுதினாய்.

மூன்று மாதம்கூட நான் அந்த வகுப்பில் இருக்கவில்லை. கணக்கீட்டுப் பாடம் புரியவில்லை, எழுந்து கேட்க வாய் வரவில்லை. கலைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்கவும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை போகாமல் இருந்தேன். அதன்பிறகு போகவேயில்லை. ஏன் என்று அம்மா தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் வாய் வந்தது. “அவதான் வர்த்தகம்னு எழுதிட்டா.”

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு, லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான தண்ணீர்ப் பீலிக்கு நேராகப் போனாள். நீ அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாளியோடு நின்றார்கள். “உன்னைய யாருடி எழுதச் சொன்னா? எம்புள்ள படிப்பையே கெடுத்துட்டியே!”

நீ என்னைப் பார்த்தாய், ஒரே ஒரு தடவை. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

“தெரியாம எழுதிட்டேன் அத்தை,” என்றாய்.

அதற்குப் பிறகும் நீ என்னோடு பேச வந்தாய். நான்தான் உன்னைக் கண்டால் வேறு பாதையில் போனேன். அடுத்த வருடம், நான்கு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் தலைமாட்டில் அம்மா அழுதாள். “அறியாத புள்ள. நான் எதையும் மனசுல வச்சிக்கலம்மா,” என்று உன்னை மன்னித்தாள். பக்கத்தில் நின்ற நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

இன்று அந்தப் பிள்ளையிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அரை மணி நேரம் யோசித்தாள். “இது கடையா, பரீட்ச மண்டபமா?” என்று, நாங்கள் நானா என்று கூப்பிடும் முதலாளி கேலி செய்தார். கடைசியில் அவளே எழுதிக்கொண்டு போனாள்.

மாலையில் அம்மாவோடு பீலிக்குப் போவேன். அன்று அம்மா உன்னைத் திட்டியதைக் கேட்டவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். அங்கே வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

நேற்றும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். வாளி நிறைந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.