எட்டாம் நாள் ஜெயிக்கும் மருந்துகள்

இன்று காலை மீன்சுருட்டி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், வாயோரத்தில் பச்சைப் பூண்டை நசுக்கி அப்பியிருந்தார். அதன் மேல் சுண்ணாம்பு. அடியிலிருந்து மஞ்சளாக ஏதோ வடிந்து தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அக்கிங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்துடுது. பூண்டு வெச்சா எட்டு நாள்ல ஓடிரும்" என்றார். அந்த நாற்றத்தோடு என் நினைப்பில் நீயும் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாய். நான் உடையார்பாளையத்திலேயே இறங்கிவிட்டேன்.

ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் வழியாகப் பெரம்பலூருக்குப் பதினோரு வருஷம் நீ பஸ் ஓட்டினாய், நான் டிக்கெட் கிழித்தேன். வெயில் ஏறினால் உன் உதட்டுக்கு மேலே கொத்தாகக் கொப்புளம் வரும். இரண்டு நாள் சரியாகத் தூங்காவிட்டாலும் வரும். மற்றவர்களின் நோய் அவரவர் வீட்டோடு இருக்கும். தனியார் பஸ் டிரைவரின் நோய் அப்படியல்ல. முன் சீட்டில் உட்காரும் எவருக்கும் அதில் உரிமை உண்டு.

"பல்லி நக்கியிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னது கீரைக்கூடைக்காரம்மா. விடிந்ததும் பல் தேய்க்காத எச்சிலைத் தடவ வேண்டும் என்றார். யாருடைய எச்சில் என்பதை அவர் சொல்லவில்லை. நல்லவேளை, நீயும் கேட்கவில்லை. முந்திரி வியாபாரி ஒருவர் கொட்டை ஓட்டில் எடுத்த எண்ணெயை மருந்து பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். "குதிகால் வெடிப்புக்கே கேக்குதுண்ணே, ஒதடு என்ன பெருசு?" உன் மேலுதட்டுத் தோல் வெந்து, பழுப்பாகச் சுருண்டு தொங்கியது. அதோடு நீ ரசஞ்சாதம் பிசைந்து சாப்பிட்டாய். எதிரில் உட்கார்ந்திருந்த நான் இலையை மூடிவிட்டேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், "என்னண்ணே, இந்தத் தடவை எந்த ஊருல முத்தம் குடுத்தாங்க?" என்பார். நீ கியரை மாற்றிக்கொண்டே, "ஒன் வூட்டுலதான்யா. போய் விசாரிச்சுப் பாரு" என்பாய். பஸ்ஸே சிரிக்கும்.

நான் செல்போனில் படித்துவிட்டு வந்து உனக்குப் பாடம் எடுத்தேன். இந்தக் கிருமி ஒருமுறை உள்ளே வந்தால் நரம்பில் படுத்துக்கொள்ளும், அவ்வப்போது எழுந்து வரும். மருந்து போட்டாலும் எட்டாம் நாள் அடங்கும், போடாவிட்டாலும் எட்டாம் நாள் அடங்கும். ஏழாம் நாள் எதைத் தடவினாயோ அது பேர் வாங்கிக்கொள்ளும். நீ பொறுமையாகக் கேட்டாய். "யோவ் படிச்சவனே, அப்ப பூண்டுக்கும் ஒரு டிக்கெட் போடு. சும்மாதானே கூட வருது."

பதினோராவது வருஷம் சித்திரையில் கொப்புளம் உதட்டை விட்டுவிட்டு இடது இமையில் வந்தது. நீ அக்கி எழுதிக்கொள்ளக் கிளம்பினாய். மண்பாண்டம் செய்கிற வேளார் ஒருவர் காவியைக் கரைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடும் என்பது ஏற்பாடு. முந்தின வருஷம் தாடையில் சிங்கத்தோடு மூன்று நாள் பஸ் ஓட்டினாய். இந்த முறை கண்ணில் எப்படி எழுதுகிறார் என்று வேடிக்கை பார்க்க நானும் வந்தேன்.

அவர் காவி படாத விரலால் உன் இமையைத் தூக்கிப் பார்த்தார். குச்சியைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டார். "தோலுக்குத்தாங்க நான் எழுதுறது. இது முழிக்குள்ள எறங்கிருக்கு. இன்னிக்கே கண் டாக்டரப் பாத்துடுங்க." உனக்கு வைத்தியம் சொன்ன அத்தனை பேரிலும் தன் மருந்து எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நீ போகவில்லை. டாக்டர் ஒரு மாதம் ஓட்டாதே என்பார், ஓனர் வேறு ஆளைப் போடுவார், அப்புறம் அந்த சீட்டு திரும்பக் கிடைக்காது. "ஸ்டியரிங்க விட்டா எனக்கு வேறென்னய்யா தெரியும்?" என்றாய். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். போன வருஷம் தூசியால் என் கண் சிவந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து பாட்டில் ஒன்று என்னிடம் இருந்தது. காலி பாட்டிலைக் காட்டிப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் புதிது வாங்கினேன். நிறுத்தியிருந்த பஸ்ஸில் உன் தலையைச் சாய்த்து நானே விட்டேன். பூண்டு இல்லை, எச்சில் இல்லை. மூடி போட்டு, முத்திரை வைத்த சுத்தமான மருந்து.

இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. "படிச்சவன் படிச்சவன்தான்யா" என்று முன் சீட்டுக்காரர்களிடம் சொன்னாய். நான் மறுக்கவில்லை.

எட்டாம் நாள் ரயில்வே கேட்டில் நின்றபோது, தூசி விழுந்த வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு, இடது கண்ணால் பார்த்தபடி, "கேட்டு தொறந்துட்டானா?" என்று கேட்டாய். எப்போதோ திறந்திருந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

திருச்சியில் கண் டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டீராய்டு. மேல சிவப்ப அடக்கிட்டு உள்ள கிருமிய வளர்த்து விட்டிருக்கு. யார் குடுத்தது?" நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பாமலே, "நானாத்தான் டாக்டர் கடையில கேட்டு வாங்குனேன்" என்றாய்.

கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. நீ ஓட்டிய பஸ்ஸுக்கே நாலு வருஷம் ஷெட்டில் காற்றடித்தாய். நான் அதே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். அந்த பாட்டிலைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

தை மாதம் உன் நெஞ்சு நின்றுபோனது. பதினாறாம் நாள் பந்தியில் உன் மனைவி என் இலைக்கு முன்னால் நின்று சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "இந்த அண்ணன்தான் அவரு கண்ணுக்கு அவ்வளவு ஓடுனாரு. கையப் புடிச்சுத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனது இவருதான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்திக்குங்கண்ணே" என்றார்.

எச்சில் வைத்தியத்தைக் கேட்டதற்கே முகம் சுளித்தவன் நான். உன் வெந்த உதட்டைப் பார்த்துப் பாதிச் சோற்றில் எழுந்தவன். அன்று டம்ளரை நீட்டினேன். தித்திப்பாக இருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "நம்மாலானதைச் செஞ்சோம்மா" என்றேன்.