இரண்டாம் கியருக்கு முன் ஒரு மூச்சு

மார்ச் 3, செவ்வாய்

கடையில் ஒரே பெயிண்டை மூன்று முறை கலந்து கொடுத்தேன். வாங்க வந்தவரின் மாதிரி அட்டை வெயிலில் ஒரு நிறம், விளக்கடியில் வேறு நிறம். அனுப்பும்போது வழக்கம்போல, டின்னில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திறவுங்கள் என்று உபதேசமும் செய்தேன்.

மாலையில் மனைவிக்குக் கார் பயிற்சி. இரண்டாம் கியர் போடும்போது மறுபடி அந்தச் சத்தம். தகர டப்பாவைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி. “காலை முழுசா அமுக்கு” என்றேன், கிளட்ச்சைக் காட்டி. “முழுசாத்தான் அமுக்குறேன்” என்றாள். நாலு மாதமாகக் காருக்குள் எங்கள் பேச்சே இந்த இரண்டு வரிதான்.

மார்ச் 5, வியாழன்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலையை அவளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஒரே நிபந்தனை, மாதக் கடைசிக்குள் லைசென்ஸ். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆறு வருஷமாக இதற்காகக் காத்திருக்கிறாள். வார்டில் நாற்பது பேரை ஓடி ஓடிப் பார்ப்பதை விட, நாளைக்கு ஆறு பேரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பாள்.

பிப்ரவரியில் ஒரு தடவை தோற்றாள். ‘கியர் மாற்றத் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார் அதிகாரி. அடுத்த பரீட்சை 24-ஆம் தேதி.

இன்று இறங்கும்போது சொன்னாள்: “எனக்கு வண்டி வராதுங்க. ஊசி போடுற கை, கியர் போட மாட்டேங்குது.”

மார்ச் 8, ஞாயிறு

பின் சீட்டில் மகளும் வந்தாள். பதினான்கு வயது. ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். திரும்பும்போது நான் ஓட்டினேன். சத்தமே இல்லை. பார்த்தாயா என்பது போல மனைவியைப் பார்த்தேன்.

வக்கீல் வாயைத் திறந்தாள். “அப்பா, ரெண்டாவது கியருக்கு முன்னாடி ஏன் ஒரு மூச்சு நேரம் கையை நிறுத்துறீங்க?”

நானா? நிறுத்துவதே இல்லை என்றேன். “பதினோரு தடவை நிறுத்துனீங்க. எண்ணினேன். அம்மாவுக்கு அதைச் சொல்லித் தரவே இல்லையே.”

பிறகு தனியாகத் தெருமுனை வரை போனேன். நிறுத்தாமல் போட்டுப் பார்த்தேன். கர்ர்ர். என் கை எனக்கே தெரியாமல் இத்தனை நாளாகக் கியரைத் தாஜா பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது!

மார்ச் 9, திங்கள்

இந்தச் சத்தம் எப்போது ஆரம்பித்தது? போன ஆகஸ்டில், என் கையிலேயே ஓரிரு தடவை கேட்டது. ஆகஸ்டில் நான் என்ன செய்தேன்? நினைக்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது.

மார்ச் 10, செவ்வாய்

நினைத்துவிட்டேன். ஆகஸ்டில் கியர் ஆயிலை நானே மாற்றினேன். ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஆயில் கடையில் இரண்டு டின் இருந்தன. ஒன்றில் ஜி.எல்.-4 என்று தரம் போட்டிருந்தது, மற்றதில் ஜி.எல்.-5. வண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார். நாலை விட அஞ்சு பெரிது என்பதற்குப் புத்தகம் எதற்கு? அஞ்சை வாங்கினேன்.

இன்று வக்கீல் அந்தப் புத்தகத்தை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்துக் காட்டினாள். ஜி.எல்.-4. தடித்த எழுத்தில். டின்னைப் படி, டின்னைப் படி என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள் நான்.

மெக்கானிக்கிடம் ஓடினேன். எண்ணெய் என்றால் நன்றாக வழுக்க வேண்டும்தானே என்று கேட்டேன். சிரித்தார்.

“எல்லா இடத்துலயும் வழுக்கக் கூடாதுண்ணே. உள்ள பித்தளை வளையம் இருக்கு. அது பல்சக்கரத்தை உரசிப் பிடிச்சு ஒரே வேகத்துக்குக் கொண்டு வரணும், அப்பதான் கியர் விழும். நீங்க ஊத்தினது அதைப் பிடிக்கவே விடாது.”

இன்னொன்றும் சொன்னார். சில ஆயில் பித்தளையையே அரிக்குமாம். வளையம் போயிருந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், மூன்று வாரமாவது ஆகும். வடிக்கும்போது தங்கப்பொடி மாதிரி நிறைய மின்னினால் தன்னிடம் வரச் சொன்னார்.

மூன்று வாரமா? பரீட்சைக்கு இரண்டே வாரம்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ பேசாமல் இரு என்று வக்கீலைக் கெஞ்சினேன். நாளை மறுநாள் வரை வாய்தா கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 11, புதன்

சொல்லவில்லை. காய் நறுக்கிக் கொடுத்தேன். துணி மடித்தேன். உடம்பு சரியில்லையா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 12, வியாழன்

வேலையிலிருந்து வந்ததும் மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதினாள். பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். ‘வாகனம் ஓட்டும் திறமை எனக்கு இல்லாத காரணத்தால், இப்பணியை வேறொருவருக்கு வழங்குமாறு...’

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். “உன் கால் இல்ல. என் எண்ணெய்.”

முழுக்கக் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது. பிறகு சாவியை என் கையில் வைத்தாள். “வாங்க. ஒரு மூச்சுகூட நிறுத்தாம ஓட்டுங்க.”

ஓட்டினேன். கர்ர்ர். “காலை முழுசா அமுக்குங்க” என்றாள். அடுத்த திருப்பத்தில் மறுபடி கர்ர்ர். “காலை முழுசா அமுக்குங்க.” அதே குரல், என் குரல். நாலாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் சிரிப்பு நின்றது. “பிப்ரவரில தோத்த அன்னிக்கு ஆஸ்பத்திரி பாத்ரூம்ல போய் அழுதேன். தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் — தெரிந்திருக்க வேண்டாமா? நாலு மாசமா அவ காலைத் திட்டிக்கிட்டே இருந்தேனே, ஒரு தடவையாவது என் கையைப் பாத்தேனா? மன்னிச்சுக்கோ என்றேன். வேறு என்ன சொல்வது?

கடிதத்தை அவள் கிழிக்கவில்லை. கைப்பையில் வைத்தாள். எண்ணெய் மாற்றின பிறகு பார்ப்போம் என்றாள்.

மார்ச் 14, சனி

ஆயில் கடையில் டின்னின் நாலு பக்கமும் படித்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். நாலும் அஞ்சும் சேர்த்து அச்சடித்த டின்னும் ஒன்று இருந்தது. அதை ஒரு கணம் ஆசையாகப் பார்த்தேன். வெறும் நாலுதான் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். வெறும் நாலை வாங்கி வந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஆயில் சூடாகட்டும் என்று பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, சமதரையில் நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். ஊற்றுகிற மேல் போல்ட்டை முதலில் கழற்றிவிட்டுத்தான் வடிக்கிற கீழ் போல்ட்டைத் தொட வேண்டும் என்று மெக்கானிக்கின் கட்டளை. கீழே வடித்துவிட்டு மேலே திறக்கவில்லை என்றால் வண்டி வாசலுக்கு அலங்காரம்தானாம்.

மேல் போல்ட் அசையவில்லை. நான் தொங்காத குறை. மனைவி என்னைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தாள். ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி, நிதானமாக ஒரே அழுத்து. போல்ட் கொடுத்துவிட்டது. எழுந்து கையுறையைச் சரிசெய்துகொண்டாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

பழைய ஆயில் கருப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இறங்கியது. வக்கீல் டார்ச் அடித்தாள். மனைவி ஒரு விரலை நனைத்து வெள்ளைத் துணியில் தடவி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். என் ரத்தப் பரிசோதனைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

“கொஞ்சம் மின்னுது” என்றாள்.

படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பினோம். ஏழு நிமிஷம் கழித்துப் பதில்: ‘இவ்ளோதானா? பொழைச்சுது. ஊத்துங்க.’

கீழ் போல்ட்டை இறுக்கிவிட்டு மேலே குழாய் செருகினேன். புனலை மனைவி பிடித்தாள். டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரிதான் என்று அவசரமே படாமல் ஊற்றினாள். மேல் துளையில் ஆயில் வழிந்தால் போதும். வழிந்தது, என் சட்டைக் கைக்குள்.

பிறகு அவள் ஓட்டினாள். இரண்டாம் கியர் முதல் இரண்டு தடவை லேசாக முனகியது. மூன்றாவது தடவை வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டுகிறேன் என்றாள். ஒன்றரை மணி நேரம். பசிக்கிறது என்று வக்கீல் நடுவில் வீட்டில் இறங்கிக்கொண்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

பத்தரைக்குப் பரீட்சை. இப்போது மணி பன்னிரண்டு. வெள்ளை கேட்டவருக்குச் சாம்பல் கலந்து வைத்திருக்கிறேன். போன் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

இன்று முதல் எனக்குப் பேருந்து. எட்டு நாற்பது வண்டிக்காக நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கார் வந்தது. கை காட்டினேன். கண்ணாடி வழியாக ஒரு சிரிப்பு, ஒரு ஹார்ன், போயே போய்விட்டது.

தெரிந்தவர்களா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். மனைவி என்றேன்.

“அப்புறம் ஏங்க நிக்கல?”

“ஒன்பது மணிக்கு அவளுக்கு முதல் வீடுங்க.”