மாமியைக் குளிப்பாட்ட ஒருத்தி

ஜூலை 13, 2025. ஞாயிறு

பக்கத்து வீட்டு ஜன்னதுல் பிர்தௌஸ் வீட்டில் தஃலீம். வாரம் ஒருமுறை தெருப் பெண்கள் கூடி மார்க்கம் பேசுவதாகப் பெயர். பாதி மார்க்கம், மீதி சமோசாவும் மய்யித்தும். கள்ளக்குறிச்சியில் நம் பெண்கள் யார் இறந்தாலும் மய்யித்தைக் குளிப்பாட்டப் போகிறவள் பிர்தௌஸ்தான். குளிப்பாட்டியவர் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற ஹதீஸை இன்று உருக்கமாக வாசித்தாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பிறகு சமோசாவைப் பிட்டபடி, "போன வாரம் நைனார்பாளையத்துல ஒரு அம்மா. முதுகு பூரா தேமலு. மூஞ்சி கறுத்துக்கினே போவுது. இன்னா அமலு செஞ்சுதோ, அல்லாதான் அறிவான்" என்றாள்.

எல்லோரும் அஸ்தஃபிருல்லா சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்டார்கள். ஒருத்தி சட்னி கேட்டாள்.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். செத்த தோல் ஏன் நிறம் மாறுகிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இவர்களிடம் எதற்கு?

ஜூலை 16

பிறகு ஏன் தஃலீமுக்குப் போகிறேன்? மாமிக்காக. என் கணவர் நவுஷாதின் அம்மா, மெஹ்ராஜ் பேகம். இடுப்பெலும்பு உடைந்து படுத்ததிலிருந்து தஃலீமில் என்ன பேசினார்கள் என்று நான்தான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தொழாத மருமகள் மார்க்கச் செய்தி வாசிக்கிறாள். சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது தொழுகை நின்றது. நின்றது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

நைனார்பாளையத்து அம்மாவைப் பற்றிச் சொன்னேன், பிர்தௌஸைக் கேலி செய்வதற்காக. மாமி சிரிக்கவில்லை. இரவு சாப்பிடவும் இல்லை.

ஜூலை 17

காரணம் இன்று தெரிந்தது. உடம்பு துடைத்துவிடும்போது இடது கையின் மேல்பகுதியை என்னிடம் காட்டினார். பச்சை குத்திய தேள். மார்க்கத்தில் பச்சை குத்தக் கூடாது. இத்தனை வருடம் முழுக்கை ரவிக்கைக்குள் இருந்திருக்கிறது. படுத்த பிறகும் அந்தக் கையைத் தானே துடைத்துக்கொள்வார். நான் அதை வீம்பு என்று நினைத்திருந்தேன்.

மாமியைப் பெற்ற அத்தா கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், உப்பும் மண்ணெண்ணெயும் விற்றவர். பக்கத்துக் குடிசை சாலம்மாளுக்குப் பச்சை குத்த ஒருத்தி வந்திருக்கிறாள். மாமியும் கையை நீட்டியிருக்கிறார். சின்னப் பிள்ளை.

"விவரம் தெரியாத வயசுல குத்தினது. உங்க மேல என்ன குத்தம், மாமி?"

"அல்லாவுக்குத் தெரியும்டி. அவங்கிட்ட நான் பேசிக்கிறேன். பிர்தௌசுக்குத் தெரியக் கூடாது."

பிறகு, "நீதான் என்னக் குளிப்பாட்டணும். நீ தொழுவுலன்னாலும் பரவால்ல. வாய மூடிக்கினு இருப்ப."

இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று.

தேளுக்கு எட்டுக் கால். இதற்கு ஆறுதான் இருக்கிறது. அதை மாமியிடம் சொன்னேன். "குத்தினவ அவசரக்காரி" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 3. ஞாயிறு

குளிப்பாட்டும் முறை எனக்குத் தெரியாது. தெரிந்தவள் பிர்தௌஸ் ஒருத்திதான். வேறு வழியில்லை, அவளிடமே கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. தஃலீம் நடுவில் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "நம்ம டீச்சருக்கு ஹிதாயத் கெடச்சிருக்கு. படிப்பு படிப்புன்னு இருந்தவங்கள அல்லா நேர்வழிக்குத் திருப்பிட்டான்" என்று அறிவித்தாள். ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். இன்னொருத்தி தன் மருமகளைப் பார்த்து, "பாத்துக்கோ" என்றாள்.

எட்டுக் கால் உள்ள ஏதோ ஒன்று என் முதுகில் ஊர்ந்தது. நின்றேன். மாமிக்காக.

ஆகஸ்ட் 10

பாடம். பிர்தௌஸின் இளைய மருமகள் அப்சானா பாயில் மய்யித்தாகப் படுத்தாள். வலது பக்கம் முதலில். இலந்தை இலை போட்ட தண்ணீர், கடைசியில் கற்பூரத் தண்ணீர். உடலை மூடிய துணியை விலக்காமல், கையை உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். அப்சானாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"மய்யித்து சிரிக்கக் கூடாதுடி" என்றாள் பிர்தௌஸ்.

நானும் சிரித்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது. அவள் நன்றாகத்தான் கற்றுத்தருகிறாள்.

செப்டம்பர் 18

மாமி போய்விட்டார். விடியற்காலை ஃபஜர் பாங்கு முடிந்த பிறகு.

செப்டம்பர் 20

எழுத வேண்டும்.

மாமியைக் குளிப்பாட்ட இடது பக்கம் நான் நின்றேன். மற்றவர்களை வெளியே அனுப்பச் சொன்னேன். "ஒத்த ஆளா முடியாது டீச்சர்" என்று பிர்தௌஸ் தண்ணீர் ஊற்ற நின்றுகொண்டாள். மறுத்தால் சந்தேகப்படுவாள்.

வலது பக்கம் முடிந்து இடது பக்கம் திருப்பினோம். பிஸ்மில்லா சொன்னேன். வாயில் வந்தது, சொன்னேன். தண்ணீர் ஊற்றினாள்.

வெள்ளைத் துணி. நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. என்ன படித்தேனோ. தேள் அப்படியே தெரிந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பொத்தினேன். நிமிர்ந்தால் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முடிஞ்சுது, மாமி, நாளைக்கே ஊரெல்லாம் பேசப் போறா என்றுதான் மனதில் ஓடியது.

பிர்தௌஸ் செம்பைக் கீழே வைத்தாள். கொடியில் கிடந்த கெட்டியான துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டாள். மறுபடி செம்பை எடுத்தாள்.

அக்டோபர் 5. ஞாயிறு

தஃலீமுக்குப் போனேன், யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்க்க. மாமியின் முகம் எப்படி இருந்தது என்று யாரோ கேட்டார்கள். "தூங்கறாப்ல" என்றாள் பிர்தௌஸ். உடனே உளுந்தூர்பேட்டையில் பார்த்த மய்யித்துக் கதைக்குத் தாவிவிட்டாள். அதில் ஒன்றையும் மறைக்கவில்லை. திருந்தவெல்லாம் இல்லை.

அக்டோபர் 26

மாமியின் தேள் இன்னும் பிர்தௌஸின் பேச்சில் வரவில்லை. எதற்காகக் காத்திருக்கிறாள்? நல்ல சபை அமையட்டும் என்றா?

நவம்பர் 9. ஞாயிறு

மதியம் பிர்தௌஸ் வந்தாள். நவுஷாத் கடையில்தானே என்று கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள். காபி வேண்டாம் என்றாள். அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வந்து குளிப்பாட்டணும், டீச்சர்."

"ரெண்டு மருமகள் இருக்காங்களே."

"அதுங்க வாய வளத்ததே நான்தான." பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க கைய வச்சிப் பொத்தனீங்களே. அந்த மாரி பொத்தறதுக்கு எனக்கு ஆளு இல்ல."

துப்பட்டாவை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். எதை மறைக்கிறாள், மச்சமா, தழும்பா, யாராவது அடித்த அடையாளமா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"வரேன்" என்றேன். "துணி மட்டும் கெட்டியானதா எடுத்து வையுங்க."